சங்கரன்கோவில் தண்ணீர் மாநாட்டுக்கு ஒரு குடம் தண்ணீரோடு

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி மானத்தை வாங்குவதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் குலை தள்ளிய வாழைமரம், சீரியல் லைட்டு. நுழைகிற இடத்தில் மேஜை போட்டு, சந்தனம் கற்கண்டு வைத்து, ஒரு பிள்ளை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். என் கை என்னைக் கேட்காமலே சுருக்குப்பையைத் திறந்து நூற்றியொரு ரூபாயை எடுத்து நீட்டிவிட்டது.

"எழுதிக்கோ மக்கா" என்றேன்.

அவள் ரூபாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க எந்த டிபார்ட்மென்ட் மேடம்?" என்று கேட்டாள்.

"மாப்பிள்ளை வீடு" என்று வாய் சொல்லிவிட்டது.

பின்னால் நின்ற கோமதி சிரித்த சிரிப்பில் அவள் இடுப்பிலிருந்த குடம் தளும்பி என் சேலை நனைந்தது. கோமதி எனக்குப் பக்கத்து வீடு, பக்கத்து வயல். நான் விழுந்தால் கை கொடுப்பாள். ஆனால் முதலில் சிரித்து முடித்துவிட்டுத்தான் கொடுப்பாள்.

நடந்தது கல்யாணம் இல்லை. அணை, கால்வாய், குளம், பாலம் இந்த வேலை பார்க்கிற இன்ஜினியர்கள், கான்ட்ராக்டர்கள், பைப் கம்பெனிக்காரர்கள், காலேஜ் வாத்தியார்கள் எல்லோரும் வருடத்துக்கு ஒரு தடவை கூடுகிற கூட்டம். எப்போதும் பெரிய ஊர்களில்தான் நடக்குமாம். இந்தத் தடவை ஐப்பசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை சங்கரன்கோவிலில் வைத்தார்கள். இந்த மாதிரிக் கூட்டத்தில் பேசப் போகிற வெளியூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன். குற்றாலம் போனது, திருச்செந்தூர் போனது என்று இதற்கு முன்னால் நான் எழுதியதெல்லாம் சிரிக்கச் சிரிக்க இருக்கும். இது அப்படி இருக்காது. என் எழுத்துப் பிழையை மகள்தான் திருத்துவாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அவ்வளவுதான் முடியும். இந்தத் தடவை கோபத்தை மட்டும் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

எதற்குப் போனோம் என்றால் ஒரு பாலத்துக்காக.

எங்கள் ஊர் திருவேங்கடத்திலிருந்து இளையரசனேந்தல் பக்கம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் கரிசல்காடு. நடுவில் ஒரு குளம், குளத்துக்குக் கீழே கொஞ்சம் நெல் வயல். குளத்துக்குத் தண்ணீர் மேற்கேயிருந்து ஓடையில் வரும். ஓடைக்குக் குறுக்கே ரோடு. ரோட்டுக்கு அடியில் பழைய கல்லுப்பாலம் ஒன்று உண்டு. அது வழியாகத்தான் தண்ணீர் கிழக்கே குளத்துக்குள் போகும். மூன்று வருடத்துக்கு முன்னால் ரோட்டை உயர்த்தினார்கள். கல்லுப்பாலத்துக்குப் பத்தடி தள்ளி, வட்டக் குழாய் இரண்டைப் போட்டுப் புதுப்பாலம் கட்டினார்கள். அந்தக் குழாயை ஓடைத் தரைக்கு இரண்டரை அடி உயரத்தில் வைத்துவிட்டார்கள். தண்ணீர் என்ன, ஏணி போட்டா ஏறும்?

அதோடு விட்டிருந்தால்கூட நாங்கள் பாட்டுக்குப் பழைய பாலத்தை வைத்துப் பிழைத்திருப்போம். புதுப்பாலம் வந்துவிட்டதால் பழைய பாலம் கணக்கிலிருந்து போய்விட்டதாம். கணக்கில் இல்லாத பாலத்துக்குள் தண்ணீர் ஓடக்கூடாதாம். இரண்டு லாரி மண்ணைக் கொண்டுவந்து அதன் வாயில் கொட்டிவிட்டுப் போனார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கு வாய்க்கரிசி போட்ட கதை.

அன்றிலிருந்து மழை பெய்தால் ரோட்டுக்கு மேற்கே தொடையளவு தண்ணீர் நிற்கும். காட்டுக்குள் பரவி, பாசி பிடித்து, அங்கேயே வற்றும். ரோட்டுக்குக் கிழக்கே குளத்துக்குள் எங்கள் ஆடுகள் மேயும். இந்த வருடம் ஐப்பசி பிறந்ததும் நல்ல மழை. நம்பி நாற்றுப் பாவினோம். கிணற்று அடித்தண்ணீரை இறைத்து இறைத்து நாற்றங்காலை உயிரோடு வைத்திருந்தோம். மாநாடு வந்த அந்த வாரத்துக்குள் குளத்துக்குத் தண்ணீர் வந்தால் நடவு. வராவிட்டால் நாற்று முற்றிப்போகும், மாட்டுக்கு அறுத்துப் போட வேண்டியதுதான். எனக்கு இரண்டு ஏக்கர், கோமதிக்கு ஒன்றரை, ஊருக்கு மொத்தமும்.

மண்ணை நீங்களே அள்ளிப் போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஆவணியில் அள்ளினோம். ரோட்டைச் சேதப்படுத்தியதாகப் புகார் போய், என் வீட்டுக்காரர் உட்பட நாலு பேரைப் போலீஸ் ஸ்டேஷனில் பொழுது சாயும்வரை உட்கார வைத்து, இனிமேல் தொட மாட்டோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். தண்ணீர் ஆபீசில் போய்ச் சொன்னால் அது ரோட்டு ஆபீஸ் என்றார்கள். ரோட்டு ஆபீசில் போய்ச் சொன்னால் அது தண்ணீர் ஆபீஸ் என்றார்கள். (எந்த ஆபீஸ், என்ன பேர் என்று எழுதவில்லை. வீட்டுக்காரர் மறுபடி ஸ்டேஷனில் உட்கார்ந்தால் ஆட்டை யார் பத்துவது?)

இப்படி இருக்கும்போது அழைப்பிதழ் வந்தது. ஒவ்வொரு குளத்துச் சங்கத்துக்காரர்களும் தங்கள் குளத்திலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர வேண்டும், மேடையில் ஊற்ற வேண்டும். பிறகு 'விவசாயிகளின் குரல்' என்று ஐந்து நிமிடம். நான் சங்கத்தில் பொருளாளர். ரோட்டு ஆபீஸும் தண்ணீர் ஆபீஸும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். குளத்தில் தண்ணீர் ஏது? ரோட்டுக்கு மேற்கே நிற்கிற பாசித் தண்ணீரையே மோந்தோம். நாலைந்து தலைப்பிரட்டையும் சேர்ந்து வந்தன. இருக்கட்டும், அவையும் எங்கள் ஊர்க்காரர்கள்தானே என்று விட்டுவிட்டேன்.

காலை 6.40-க்கு ஊர் விலக்கில் டவுன் பஸ். திருவேங்கடத்தில் இறங்கி அடுத்த பஸ். சங்கரன்கோவில் போய்ச் சேரும்போது 8.15. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் இரண்டாவது பஸ்ஸின் கண்டக்டர் குடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் ஃப்ரீ. கொடத்துக்கு லக்கேஜ் பத்து ரூவா."

"அண்ணாச்சி, கொடமும் பொம்பளைதான்" என்றாள் கோமதி.

"எப்படிச் சொல்லுத?"

"பாருங்க, இடுப்பு இருக்கு, கழுத்து இருக்கு, வாய மட்டும் துணிய வச்சுக் கட்டியிருக்கோம்."

கண்டக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பத்து ரூபாய்க்கு டிக்கெட்டைக் கிழித்தார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: குடத்துக்குப் பத்து ரூபாய்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபம் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோக்காரர் எண்பது கேட்டார், அறுபதுக்கு வந்தார். பூ மார்க்கெட்டைத் தாண்டும்போது வண்டி நகரவில்லை. தெருவுக்குள் புகுந்து போனார். இரண்டு பக்கமும் தறிச் சத்தத்தில் அவர் என்னமோ சொன்னது கேட்கவில்லை. இறங்கும்போது சொன்னார்: "கொடத்தோட வாரியளே, அம்மன் கோயிலுக்குன்னு நெனச்சேன். மண்டபத்துக்கா?"

"அங்கயும் சாமிக இருக்கு அண்ணாச்சி. நாலு வருசமா கண்ணத் தொறக்கல" என்றேன். மூன்றுதான். ஆட்டோவில் வாய்க்கு வந்தது நாலு.

மொய்க் கதை முடிந்து உள்ளே போனோம். கழுத்தில் மாட்ட ஒரு அட்டை கொடுத்தார்கள். 'சிறப்பு அழைப்பாளர்' என்று போட்டிருந்தது. இட்லி, பொங்கல், வடை. டிபனில் குறையே சொல்ல முடியாது. மண்டபம் முழுக்கப் படம் ஒட்டியிருந்தார்கள்: நிறைந்த குளம், நிறைந்த அணை, நிறைந்த கால்வாய். காய்ந்த குளம் ஒன்றுகூட இல்லை. கல்யாண வீட்டில் விதவையை முன்னால் வரவிடாத புத்தி போலிருக்கிறது.

மேடையில் மரத்தில் ஒரு கால்வாய் செய்து வைத்திருந்தார்கள். பத்தடி நீளம், நீல பெயின்ட், நடுவில் ஒரு சின்ன மடை, கடைசியில் கண்ணாடித் தொட்டி. குளத்துக்காரர்கள் வரிசையாக வந்து தண்ணீரை ஊற்றுவார்கள். தலைமை விருந்தினர் மடையைத் தூக்குவார். தண்ணீர் ஓடித் தொட்டியில் விழும். எல்லோரும் கை தட்டுவார்கள். குத்துவிளக்குக்குப் பதிலாக இதுதான் அவர்கள் வழக்கமாம். நல்ல வழக்கம்தான். பதினொரு ஊர்க்காரர்களும் பதினொரு குடம் ஊற்றினோம். தலைமை விருந்தினர் மடையைத் தூக்கினார். தண்ணீர் தொட்டிப் பக்கம் போகவில்லை. பின்பக்கம் வழிந்து, மேடையில் உட்கார்ந்திருந்த ஏழு பேரின் ஷூவுக்குள் போனது.

காரணத்தைப் பிறகு விசாரித்தேன். சபையில் இருக்கிறவர்களுக்கும் போட்டோவுக்கும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று முன்பக்கத்துக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். முந்தின நாளே வைத்துவிட்டார்களாம். ஐம்பது இன்ஜினியர் அப்போதிலிருந்து அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார்கள். எங்கள் தலைப்பிரட்டை ஒன்று ரோட்டு ஆபீசர் கால்மாட்டில் துடித்தது. அவர் காலைத் தூக்கிக்கொண்டார். அவர்தான் ரோட்டு ஆபீசர் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னொரு குடம் கொண்டுபோயிருப்பேன்.

எங்கள் ஐந்து நிமிடம் 11.45-க்கு. 11.45-க்குப் பொன்னாடை போர்த்த ஆரம்பித்தார்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, போட்டோ. பிறகு ஒரு பைப் கம்பெனிக்காரர் படம் போட்டு அரை மணி நேரம் பேசினார். மணி ஒன்று. மைக் பிடித்தவர், அவர்தான் கூட்டத்துக்கே ஏற்பாட்டாளர், "நேரமின்மை காரணமாக விவசாயிகளின் குரலை அடுத்த ஆண்டு கேட்போம்" என்றார். சொல்லிவிட்டு எங்களையும் மேடைக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு துண்டு போர்த்தினார்கள். என் வாய் திறப்பதற்குள் கழுத்தில் துண்டு. மைக் அந்தப் பக்கம் போய்விட்டது. அடுத்த ஆண்டு கேட்பார்களாம். நாற்றை அடுத்த ஆண்டுவரை பிரிட்ஜில் வைத்துக் காப்பாற்றவா?

எனக்கு அழுகை வராது. வந்தால் சிரிப்பு வரும், இல்லாவிட்டால் கோபம் வரும். அன்றைக்குச் சிரிப்பு பஸ்ஸோடு தீர்ந்துபோயிருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில்தான் பிடித்தேன். தண்ணீர் ஆபீசரை எனக்கு முன்னமே தெரியும். அவர் பக்கத்து இலையில் ஈர ஷூவோடு ரோட்டு ஆபீசர். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரே காலேஜாம். எதிரில் போய் நின்று, பாலத்தைப் பற்றி, நாற்றைப் பற்றி, பொறுமையாகத்தான் சொன்னேன்.

"பழைய பாலம் அபாண்டன் பண்ணியாச்சும்மா, கைவிட்டாச்சு. தண்ணி எங்க சப்ஜெக்ட் கிடையாது. சார்கிட்ட சொல்லுங்க" என்றார் ரோட்டு ஆபீசர்.

"ரோட்டு எல்லைக்குள்ள நாங்க கை வைக்க முடியாதும்மா. சார்கிட்ட சொல்லுங்க" என்றார் தண்ணீர் ஆபீசர்.

இரண்டு இலைக்கும் நடுவில் ஒரு அப்பளம் விழுந்து கிடந்தது.

"அந்த அப்பளம் எந்த ஆபீஸ்ல வருது சார்?" என்று கேட்டேன்.

பக்கத்தில் நாலு பேர் சிரித்தார்கள். தண்ணீர் ஆபீசரும் சிரித்தார். ரோட்டு ஆபீசர் அப்பளத்தை எடுத்துத் தின்றுவிட்டார். இதுதான் பதில். பாயசம் இரண்டு வகை, கேட்கக் கேட்க ஊற்றினார்கள். அந்த மண்டபத்தில் தடையில்லாமல் ஓடியது அது ஒன்றுதான்.

மதியம் கள ஆய்வு. எங்கள் ஊருக்கும் அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய தடுப்பணையைப் பார்க்க ஒரு பஸ் போகிறது என்றார்கள். வழிதானே, ஏறிக்கொள்ளுங்கள் என்று மைக் பிடித்தவரே சொன்னார். ஏறினோம். இரண்டு ஆபீசர்களும் முன் சீட்டில். 2.10-க்குக் கிளம்பியது. சங்கரன்கோவிலிலிருந்து எங்கள் ஓடைவரை சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். ஏசி பஸ். ஜன்னல் திறக்காது. வெளியே மழைக்காற்று சும்மாவே கிடைத்தது.

ஓடை நெருங்கும்போது எழுந்து முன்னால் போனேன்.

"சார், ஒரே ஒரு நிமிசம். இந்தா அந்தப் பாலம்தான். எறங்கக்கூட வேண்டாம், சீட்ல இருந்தே பாத்துட்டுப் போங்க."

"அது இன்னிக்கு ப்ரோக்ராம்ல இல்லம்மா" என்றார் மைக் பிடித்தவர்.

"பஸ்ஸு அது மேலதான சார் போகுது? ரோட்டையும் ப்ரோக்ராம்ல போடலியோ?"

"நேரமில்லைம்மா. உக்காருங்க."

தண்ணீர் படித்த ஐம்பது பேர். ஒருத்தர்கூட தலையைத் திருப்பவில்லை. பாதிப்பேர் தூக்கம். பாயசம் அப்படி.

அந்த நேரத்தில் எதிரே வைக்கோல் லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. டிரைவர் அண்ணாச்சி வழிவிட்டு மேற்கே ஒதுக்கினார். மூன்று வருடமாகத் தண்ணீர் நின்று நின்று ரோட்டோரம் அல்வாவாக இருந்தது. இடது பின் சக்கரம் பொதக்கென்று இறங்கியது. முன்பாதி கல்லுப்பாலத்து மேல் இருக்க, பஸ் சாய்ந்து நின்றது. தூங்கினவர்கள் எல்லோரும் பக்கத்து ஆள் மடியில் விழுந்து எழுந்தார்கள்.

"ஏ மக்கா, ப்ரோக்ராம்ல வந்துட்டு போல" என்றாள் கோமதி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி.

எல்லோரும் இறங்க வேண்டியதாயிற்று. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, பாலத்துக்கு மேல் வரிசையாக நின்றார்கள். மேற்கே பரவி நிற்கிற தண்ணீரையும் பார்த்தார்கள். கிழக்கே குளத்துக்குள் ஆடு மேய்வதையும் பார்த்தார்கள். ஒரு கான்ட்ராக்டர், "நல்ல ஸ்டோரேஜ் சார்" என்றார். மேற்குப் பக்கத்தைக் காட்டித்தான். அவரை அப்படியே உள்ளே தள்ளிவிடலாமா என்று கோமதி என்னிடம் கண்ணால் கேட்டாள். வேண்டாம், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றேன்.

டிரைவர் அண்ணாச்சி முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தார். சக்கரம் இன்னும் இறங்கியது. ஜேசிபி வேண்டும் என்றார்கள். ஊரில் ஜேசிபி ஓட்டுகிறவன் என் கொழுந்தன் செல்லத்துரை. போன் போட்டேன். 3.30-க்கு வந்தான். இறங்கிப் பார்த்தான்.

"இப்ப இழுத்தா வண்டி இந்தப் பக்கம் சரிஞ்சிரும். சக்கரத்த விட்டுத் தண்ணி எறங்கணும் சார்."

"தண்ணி எப்படி இறங்கும்?" என்று மைக் பிடித்தவர் கேட்டார்.

நானும் கோமதியும் பழைய பாலத்துப் பக்கம் கையைக்கூட நீட்டவில்லை. நாங்கள்தான் தொட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஆயிற்றே. ரோட்டு ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தடுப்பணையில் தலைமை விருந்தினர் காரில் முன்னமே போய்க் காத்திருக்கிறாராம். பிறகு அவரே கையை நீட்டிச் சொன்னார்:

"அந்தப் பழைய பாலத்து வாயில கிடக்கிற மண்ண எடுப்பா. தண்ணி வடிஞ்சிரும்."

மூன்று வருடமாக எங்கே திறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அந்த மண் போனால் தண்ணீர் போகும் என்று தெரிந்தே இருந்திருக்கிறது. அபாண்டன் பண்ணிய பாலம் பஸ்ஸுக்கு உயிரோடு வந்துவிட்டது. மனு வேண்டாம், எல்லை வேண்டாம், சார்கிட்ட சொல்ல வேண்டாம். தண்ணீர் ஆபீசர் பக்கத்திலேயே நின்றார். "ரோட்டு எல்லை" என்று அவரும் சொல்லவில்லை.

செல்லத்துரை கால் மணி நேரத்தில் அள்ளிப் போட்டான். கடைசி வாளி மண் வரும்போதே தண்ணீர் முண்டிக்கொண்டு உள்ளே நுழைந்தது. கிழக்குப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். கல்லுப்பாலத்துக்குள்ளிருந்து முதலில் ஒரு செருப்பு வந்தது, பிறகு பிளாஸ்டிக் பாட்டில்கள், பிறகு தண்ணீர். ஆடுகள் கத்திக்கொண்டு கரையேறின. இன்ஜினியர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். பைப் கம்பெனிக்காரர் தண்ணீருக்கு முன்னால் நின்று கட்டை விரலைத் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார். சரி, என்னவோ, பஸ் புண்ணியத்தில் விடிந்ததே என்று நானும் முட்டாள் மாதிரி சேர்ந்து கை தட்டினேன்.

ஒரு மணி நேரத்தில் சக்கரத்தை விட்டுத் தண்ணீர் இறங்கியது. சங்கிலி போட்டு இழுத்தான். 4.50-க்குப் பஸ் ரோட்டுக்கு வந்தது. எல்லோரும் ஏறினார்கள். ரோட்டு ஆபீசர் படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"தம்பி, மண்ணத் திரும்பப் போட்டு மூடிரு. மூடிட்டு எனக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பு."

நான் படிக்கு முன்னால் போய் நின்றேன்.

"என்ன சார் சொல்லுதிய?"

"அது பழைய கல்லும்மா. உள்ள தண்ணி ஓடி, மேல லாரி போயி, நாளைக்கு ஒண்ணு இறங்கிட்டா யாரு பதில் சொல்றது?"

"இப்ப ஒரு மணி நேரமா ஒங்க பஸ்ஸு அது மேலதான சார் நின்னுது? அப்ப எறங்கலியா?"

"இது எமர்ஜென்சி."

"எங்க நாத்து என்ன சார், பொழுதுபோக்கா?"

"எஸ்டிமேட் போட்டு முறையா வரணும்மா."

தண்ணீர் ஆபீசரைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போனில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். தேடட்டும். ஏசி பஸ், கதவு தானாக மூடிக்கொண்டது. ரோட்டு ஆபீசர் செல்லத்துரையைப் பார்த்து, கண்ணாடிக்குள்ளிருந்து மறுபடியும் கையால் மூடு மூடு என்று காட்டிக்கொண்டே போனார்.

செல்லத்துரை என் முகத்தைப் பார்த்தான். "மைனி, என்ன செய்யட்டும்? மூடலேன்னா எம்மேல கேஸ் போடுவாவ. வண்டி வேற மொதலாளி வண்டி."

அவன் சொன்னதும் நியாயம்தான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் குற்றம் சொல்வது அந்தக் கையைத்தான். திறக்கவும் அந்தக் கைதான் நீண்டது, மூடவும் அந்தக் கைதான் ஆடியது. தெரியாமல் செய்கிறவனை மன்னித்துவிடலாம். சக்கரத்துக்கு இரக்கப்படத் தெரிந்தவனுக்குப் பயிருக்கு இரக்கப்படத் தெரியவில்லை என்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது? அவர்கள் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு இங்கிலீஷ் பேர் இருந்தது, இதற்கு மட்டும் சொல்லவில்லை. வருடா வருடம் கூடுகிறார்கள். கூடட்டும், சாப்பிடட்டும், துண்டு போர்த்தட்டும். மண்டபத்துக்குள் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றிக் கும்பிடுகிறவர்கள், வெளியே ஓடுகிற தண்ணீரைக் கண்டதும் வாயை மூடு என்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. எழுதும்போதும் ஆறவில்லை.

இந்த மாதிரிக் கூட்டத்துக்குப் போக நினைக்கிற குளத்துச் சங்கத்துக்காரர்களுக்குச் சில விஷயங்கள். திருவேங்கடம் பக்கத்திலிருந்து வந்தால் ஏழு மணிக்கு முந்திய பஸ்ஸைப் பிடியுங்கள், அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம், குடம் தப்பாது. புளியங்குடியிலிருந்து வருகிறவர்களுக்கும் பஸ் நிறைய உண்டு. எலுமிச்சை மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தால் தலை சுற்றல் வராது. ஆட்டோவுக்கு அறுபதுக்கு மேல் கொடுக்காதீர்கள். வாசலில் மேஜையைப் பார்த்ததும் பணத்தை எடுக்காதீர்கள். பேச ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். துண்டு போர்த்த வருகிறவர் கையிலிருந்து முதலில் மைக்கைப் பிடுங்குங்கள், பிறகு கழுத்தை நீட்டுங்கள். சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு ஆபீசுக்கும் நடுவில் இடம் பிடியுங்கள். கள ஆய்வு பஸ்ஸில் அவசியம் ஏறுங்கள். பஸ்ஸை ஓரமாக ஒதுக்கச் சொல்லி டிரைவரை நான் கேட்டுக்கொள்ளவில்லை, வைக்கோல் லாரி யாருடையது என்றும் எனக்குத் தெரியாது. கேட்கிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

பாலத்து வாய் அன்றைக்கு மூடப்படவில்லை. அதற்குக் காரணம் ஒரு சின்ன அசம்பாவிதம். ஆபீசிலிருந்து கேட்டால் காட்ட வேண்டும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செல்லத்துரை மூடத்தான் போனான். மூடுவதற்கு முன்னால் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று ஜேசிபி சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். நான் பழைய பாலத்து வாய்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சாவி கை தவறித் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. கோமதி பார்த்தாள். அவளே சாட்சி. வேறு ஜேசிபி சாவியைப் போட்டாலும் ஓடும் என்கிறார்கள். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் யாரிடமும் இல்லை. செல்லத்துரை வந்ததும் மூன்று பேரும் தேடினோம். ஓட்டம் பலமாக இருந்ததால் சாவி பாலத்துக்கு அடியில் புகுந்து குளத்துப் பக்கம் போயிருக்கும் என்றான். விடிந்ததும் குளத்துக்குள் இறங்கித் தேடினோம். இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றதால் மேற்கொண்டு போக முடியாமல் திரும்பி வந்துவிட்டோம்.